சகாராப் புழுதியில் அணுகுண்டுச் சீசியம்: எங்கள் மழைநீர்த் தாங்கிக்கும் வருமா?

அலைகரை (மல்லாவி)

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி பிரான்சின் கிழக்குப் பக்கம், சுவிஸ் எல்லைக்குக் கிட்ட இருக்கிறான். போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவனுடைய வெள்ளைக் கார்தான், ஆனால் வெள்ளையைக் காணோம். முன் கண்ணாடியில் வைப்பர் போய்வந்த இடம் மட்டும் தெளிவு, மிச்சமெல்லாம் கிறவல் நிறம். "அக்கா, மல்லாவி றோட்டை இங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள்" என்று கீழே எழுதியிருந்தான். சகாராவிலிருந்து வந்த புழுதியாம், இரவு தூறலோடு இறங்கியதாம். வாசித்துச் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பின்னேரம் அவனே ஒரு வீடியோவும் அனுப்பினான். பிரான்ஸ் 1960களில் சகாராவில் வெடித்த அணுகுண்டுகளின் கழிவு இந்தப் புழுதியோடு திரும்பி வருகிறது, கடவுள் கணக்குத் தீர்க்கிறார் என்று ஒருவர் கத்திச் சொல்கிறார். மாமி பக்கத்தில் இருந்து முழுவதையும் கேட்டுவிட்டார். அன்று தொடங்கியது வீட்டில் கரைச்சல்.

நாங்கள் குடிப்பது மழைநீர்த் தாங்கித் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட, கேத்திலின் அடியில் வெள்ளைப் படை ஏறிவிடும். சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்துதான் கூரைக்குப் பீலி போட்டுத் தாங்கி கட்டினோம். வீடு கிறவல் வீதிக் கரையில். சோளகக் காற்று தொடங்கிவிட்டால் ஒரு டிப்பர் போனால் போதும். கூரை, கொடியில் காயும் உடுப்பு, வாழை இலை எல்லாம் ஒரே நிறம். அந்தப் புழுதியெல்லாம் முதல் மழைக்குத் தாங்கிக்குள்தானே இறங்குகிறது என்கிறார் மாமி. அதோடு நிற்கவில்லை. 2022 மார்கழியில் வானம் புகார் மூடி மாடுகள் செத்துக் கிடந்ததே, அதுவும் இதுதான் என்கிறார். எங்கள் ஒழுங்கையிலும் இரண்டு வீட்டு மாடுகள் அப்போது செத்தன, அதனால் அவரோடு வாதாடவும் மனம் வரவில்லை.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான்: காற்றில் போகும் புழுதி உண்மையிலேயே அணுகுண்டுத் தூளைக் காவுமா? காவினால் வன்னிக்கும் ஏதாவது வந்திருக்குமா? தாங்கித் தண்ணீரைக் குடிக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "கூகிள் பண்ணிப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பண்ணிப் பார்த்த பிறகுதான் இங்கே வந்தேன்.

---

பனிக்காடு (பிரான்ஸ்)

அக்கா, நான் இருப்பதும் உங்கள் தம்பியின் பக்கம்தான், ஜூரா மலை தெரியும் ஊர். சகாராப் புழுதி இங்கே புதிது இல்லை, பனிக்காலம் முடியும் நேரம் அடிக்கடி வரும். ஆனால் 2021 மாசியில் வந்தது வேறு மாதிரி. காலையில் யன்னல் திரையை விலக்கினால் வெளியே தோடம்பழ நிற வெளிச்சம். மலையில் பனி வெள்ளைக்குப் பதில் மஞ்சளும் மண்ணிறமும். சறுக்கப் போனவர்கள் படம் எடுத்துப் போட்டபடி இருந்தார்கள்.

உங்கள் வீடியோக்காரருடைய கதை அந்த நாளில்தான் தொடங்கியது. இங்கே ஆக்ரோ என்று ஒரு சங்கம் இருக்கிறது, அரசாங்கத்தைச் சாராமல் கதிர்வீச்சு அளப்பவர்கள். அவர்கள் ஜூராவில் ஷப்பெல் தே புவா என்ற ஊரில் ஒரு காரின் மேலே படிந்திருந்த புழுதியைத் துடைத்து எடுத்து அளந்தார்கள். அணுகுண்டு வெடித்தால் உண்டாகும் கதிர்வீச்சுப் பொருளான சீசியம்-137 இருந்தது. ஒரு சதுர கிலோமீற்றருக்கு 80,000 பெக்கரல் என்று கணக்குச் சொன்னார்கள் (செக்கனுக்கு ஒரு அணு உடைந்தால் ஒரு பெக்கரல்). அடுத்த நாள் பத்திரிகைகள் அந்த எண்ணையும் "பிரான்சின் குண்டு பூமராங் மாதிரித் திரும்பி வந்தது" என்ற தலைப்பையும் சேர்த்துப் போட்டன. எங்கள் வேலைத்தளத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சு. ஒரு அல்ஜீரியப் பெடியன் மட்டும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனான்.

2022 பங்குனியில் இன்னும் பெரிய புழுதி வந்தது. அப்போது ஆய்வாளர்கள் பொதுமக்களிடமே கேட்டார்கள்: உங்கள் கார், பல்கனி, தோட்ட மேசையில் விழுந்ததை எடுத்து அனுப்புங்கள் என்று. எங்களோடு வேலை செய்யும் ஒரு மனுசி வீட்டு மேசையைச் சுரண்டி ஒரு ஜாம் போத்தலில் போட்டு வைத்திருந்தார். அனுப்பினாரோ தெரியாது.

முடிவு என்ன வந்தது என்று விளக்கமாகச் சொல்ல இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கரும்பலகைச் சேர், நீங்கள்தான்.

---

கரும்பலகை (கிளிநொச்சி)

கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா. உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பித்து ஓய்ந்தவன் நான், படிப்பிக்கிற பழக்கம் மட்டும் ஓயவில்லை.

பிள்ளை, வீடியோக்காரர் சொன்னதில் பாதி சரி. அதுதான் கரைச்சலே. முழுப் பொய் என்றால் ஒரு வரியில் முடித்திருக்கலாம்.

புழுதி எப்படி அவ்வளவு தூரம் போகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பாலைவனக் காற்று மென்தூளை நேரே தூக்குவதில்லை. மென்தூள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடக்கும். காற்று முதலில் அசைப்பது மணற்பருக்கையை. பருக்கை துள்ளித் துள்ளிப் போய் நிலத்தில் மோத, அங்கே ஒட்டிக் கிடந்த மென்தூள் உடைந்து கிளம்புகிறது. பிறகு நடப்பது நாங்கள் களத்தில் நெல் தூற்றுவது போலத்தான்: பாரமானது காலடியில் விழும், பதர் காற்றோடு போகும். மணல் கிட்டவே விழுந்துவிடும். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்கும் சின்னதான தூள் சூடான காற்றோடு சில கிலோமீற்றர் உயரத்துக்கு ஏறி, நாட்கணக்கில் இறங்காது. சகாராத் தூள் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி அமேசன் காடுவரை போகிறது. தெற்கு அல்ஜீரியாவிலிருந்து ஜூரா இரண்டாயிரம் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இனிச் சீசியம். குண்டு வெடிக்கும்போது உண்டாகும் நூற்றுக்கணக்கான சமதானிகளில், அதாவது அணு வகைகளில், பெரும்பாலானவை சீக்கிரம் அழிந்துவிடும். அயடீன்-131க்கு அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி அழிய எடுக்கும் காலம், 8 நாள், மூன்று மாதத்தில் தேடினாலும் கிடைக்காது. சீசியம்-137க்கு 30 வருடம். 1960களில் விழுந்ததில் கால்வாசி இன்னும் இருக்கிறது. அது மண்ணில் விழுந்தால் களித்துகளோடு சேர்ந்துவிடும். களிக் கனியங்கள் தகடு தகடாக அடுக்கியவை. இல்லைற்று போன்ற சில கனியங்களில் தகட்டு விளிம்பின் இடைவெளிக்குள் சீசியம் அயன் அளவாகப் பொருந்திக்கொள்ளும். உள்ளே போனதை மழை கழுவி எடுப்பது கடினம். ஆகவே மண்ணில் சீசியம் செறிந்திருப்பது மென்தூளில். காற்று தெரிந்தெடுத்துத் தூக்கிப்போவதும் அதே மென்தூளைத்தான். உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஓம், காவும்.

சகாராவோடு நின்றுவிடவில்லை. கோபிப் பாலைவனத்துப் புழுதி வசந்தகாலத்தில் கொரியா, யப்பான் பக்கம் போகும்போது அங்கேயும் சீசியம்-137 கூடுவதைக் கண்டிருக்கிறார்கள்.

சரி, யாருடைய குண்டு? இந்த இடத்தில்தான் வீடியோக்காரர் வழுக்கி விழுகிறார்.

பிரான்ஸ் அல்ஜீரியச் சகாராவில் 1960 தொடக்கம் 1966 வரை 17 குண்டு வெடித்தது. முதல் நான்கு றெகான் என்ற இடத்தில், வெளியில். அதில் முதலாவது 1960 மாசி 13இல், 70 கிலோதொன், அதாவது எழுபதாயிரம் தொன் வெடிமருந்தின் பலம். மிச்சம் 13 ஹொகார் மலைப்பக்கம், இன் எக்கர் என்ற இடத்தில் சுரங்கத்துக்குள். அல்ஜீரியா 1962இல் சுதந்திரம் பெற்ற பிறகும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வெடித்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. சகாரா, பிரான்ஸ், அணுகுண்டு மூன்றையும் ஒரு வரியில் வைத்தால் கதை தானாக முடிந்துவிடுகிறது. ஆராய்ச்சியே தேவையில்லை போலத் தோன்றும்.

ஆனால் ஆராய்ந்தார்கள். பனிக்காடு சொன்ன 2022ஆம் ஆண்டுப் புழுதியில் நூறுக்கு மேற்பட்ட மாதிரிகள் பொதுமக்களிடமிருந்து சேர்ந்தன. ஏறக்குறைய அரைவாசியை எடுத்து விபரமாக அளந்து, 2025 தொடக்கத்தில் சயன்ஸ் அட்வான்சஸ் என்ற சஞ்சிகையில் வெளியிட்டார்கள். புழுதி கிளம்பிய இடங்களில் தெற்கு அல்ஜீரியாவும் ஒன்று, அது உறுதியாயிற்று. சீசியத்தை மட்டும் வைத்து யாருடைய குண்டு என்று சொல்ல முடியாது, எல்லார் குண்டிலும் ஒரே சீசியம்தான். அதனால் புளுத்தோனியத்தைப் பார்த்தார்கள். புளுத்தோனியம்-239 ஒரு நியூத்திரனைப் பிடித்தால் 240 ஆகும். அமெரிக்காவும் சோவியத்தும் வெடித்த பெரிய ஐதரசன் குண்டுகளில் நியூத்திரன் வெள்ளம் மிக அதிகம், அதனால் 240இன் பங்கும் அதிகம். உலகம் முழுக்க விழுந்த குண்டுத் தூளில் 240க்கும் 239க்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட 0.18. பிரான்சின் சகாராக் குண்டுகள் சின்னவை, அவற்றில் 0.08க்கும் கீழே. புழுதியில் கிடைத்தது 0.18 பக்கம்.

எனவே ஐரோப்பாவில் விழுந்த சகாராப் புழுதியில் பெரும்பங்கு அமெரிக்கா மார்ஷல் தீவுகளிலும் சோவியத் நொவாயா செம்லியாவிலும் வெடித்த குண்டுகளின் மிச்சம். 1961இல் சோவியத் வெடித்த ஒரு குண்டு மட்டும் 50 மெகாதொன், அதாவது ஐம்பதாயிரம் கிலோதொன். றெகானில் முதலில் வெடித்ததைப் போல எழுநூறு மடங்கு. அந்த அளவுக் குண்டு தன் தூளைப் படைமண்டலம்வரை, அதாவது மழை மேகத்துக்கும் மேலே ஏற்றிவிடும். அங்கே மழை இல்லை, கழுவ ஆளில்லை. ஒரு வருடம் இரண்டு வருடம் சுற்றிச் சுற்றிப் பிறகுதான் இறங்கும், இறங்கும்போது எல்லார் தலையிலும் இறங்கும். சகாராவிலும் இறங்கியது, அறுபது வருடம் அங்கே மண்ணோடு கிடந்தது, இப்போது காற்று கிளப்புகிறது. சின்னக் குண்டின் தூள் அவ்வளவு உயரம் போகாது, பெரும்பாலும் வெடித்த இடத்துக்குக் கிட்டவே விழும்.

அளவைப் பார்ப்போம். சதுர கிலோமீற்றருக்கு 80,000 பெக்கரல் என்பது காதில் பெரிதாக விழும். ஒரு சதுர கிலோமீற்றரில் பத்து லட்சம் சதுர மீற்றர். வகுத்தால் சதுர மீற்றருக்கு 0.08 பெக்கரல், அதாவது பன்னிரண்டு பதின்மூன்று செக்கனுக்கு ஒரு அணு உடைகிறது. உங்கள் கூரை 50 சதுர மீற்றர் என்று வைத்தால், முழுக் கூரைக்கும் 4 பெக்கரல். வளர்ந்த ஒருவருடைய உடம்பில் பிறப்பிலிருந்தே இருக்கும் பொற்றாசியம்-40 மட்டும் நாலாயிரம் பெக்கரல் அளவில் வரும். விழுங்கினால் ஒரு பெக்கரல் சீசியம்-137 பொற்றாசியத்தைப் போல இரண்டு மடங்கு கதிர்வீச்சுத் தாக்கம் கொடுக்கும், அதையும் சேர்த்தே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் அந்த 4 பெக்கரல் ஜூராக் கூரைக்கு. மல்லாவிக் கூரைக்கு அல்ல.

வன்னிக்கு வந்ததா என்றால், வந்தது. ஆனால் புழுதியாக அல்ல, 1950களிலும் 60களிலும் மாரி மழையோடு. உலகம் முழுவதற்கும் வந்தபோது எங்களுக்கும் வந்தது. வடக்கே 40, 50 பாகை அகலக்கோட்டில்தான் அதிகம் விழுந்தது. நாங்கள் 9 பாகையில் இருக்கிறோம், பங்கு குறைவு. விழுந்ததிலும் முக்கால்வாசி இப்போது அழிந்துவிட்டது. உங்கள் வீதியில் டிப்பர் கிளப்புவது உள்ளூர்க் கிறவல், சகாராவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மாமியிடம் மாட்டுக் கதையை நானே பேசுவேன், தொலைபேசி இலக்கம் தெரிந்தால். 2022 மார்கழியில் மன்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நேரம் இந்தியப் பக்கத்து மாசுக் காற்று இலங்கைக்கு இழுபட்டது. காற்றுத் தரம் கெட்டுப் பள்ளிக்கூடமும் ஒரு நாள் பூட்டினார்கள். புகார் அதுதான். மாடுகள் செத்தது குளிரிலும் ஈரக் காற்றிலும். கொட்டில் இல்லாமல் வெட்டையில் நின்ற மாடுகள், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில். கதிர்வீச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

---

சோளகம் (முல்லைத்தீவு)

சேர், கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு படித்தவர் வந்து "உங்கள் உடம்பிலேயே இருக்கிறது, வாழைப்பழத்திலேயே இருக்கிறது" என்று சொல்லி முடித்துவிடுகிறார். குண்டு போட்டவனுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்குமா? றெகானில் இருந்த சனத்துக்கும் இதைத்தான் சொல்வீர்களா?

மற்றது, தமிழ்நாட்டுக் கூடங்குளம் அணுமின் நிலையம். மன்னாரிலிருந்து சுமார் 250 கிலோமீற்றர். சகாராத் தூள் இரண்டாயிரம் போகும் என்றால் கூடங்குளம் எங்களுக்கு முற்றத்தில். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே.

---

கரும்பலகை (கிளிநொச்சி)

சோளகம், பேருக்கு ஏற்ற வீச்சு. கேட்டது நியாயம்.

வாழைப்பழக் கதை எனக்கும் பிடிக்காது. நான் பொற்றாசியத்தைச் சொன்னது ஜூராக் கார்ப் புழுதிக்கும் மல்லாவித் தாங்கிக்கும் மட்டும். றெகானுக்கும் இன் எக்கருக்கும் அந்தக் கணக்கைக் கொண்டுபோனால் அயோக்கியத்தனம். 1962 மே 1இல் இன் எக்கர் மலைக்குள் வெடித்த பெரில் என்ற குண்டு சுரங்கத்தின் அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பார்க்க வந்திருந்த இரண்டு அமைச்சர்களும் படையினரும் அந்த முகிலின் கீழே ஓடினார்கள். அமைச்சர்களில் ஒருவரான கஸ்தோன் பலவ்ஸ்கி 1984இல் இரத்தப் புற்றுநோயில் இறந்தார்; அந்த நாளால்தான் வந்தது என்பது அவருடைய நம்பிக்கை. அமைச்சருடைய நோய் எல்லாருக்கும் தெரிகிறது. அந்தப் பக்கம் ஆடும் ஒட்டகமும் மேய்த்த துவாரெக் மக்களுக்கு என்ன நோய் வந்தது என்று யார் எழுதி வைத்தார்கள்? இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று பிரான்சில் வந்ததே 2010இல். அதிலும் அல்ஜீரியர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம்.

புழுதியில் பிரெஞ்சுப் புளுத்தோனியம் தெரியவில்லை என்றால் பிரான்சுக்கு விடுதலை என்று அர்த்தம் இல்லை. அவர்கள் போட்டதில் பெரும்பங்கு போட்ட இடத்துக்குக் கிட்டவே கிடக்கிறது, அங்கே உள்ளவர்களின் காலுக்குக் கீழே. வீடியோக்காரர் மேல் எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். ஐரோப்பாவில் கார்க் கண்ணாடியில் விழுந்தால் உலகச் செய்தி. சகாராவில் அதே மண்ணில் பாய் விரித்துப் படுத்தவனைப் பற்றி அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு வசனம் இல்லை. அதோடு, வோஷிங்டனும் மொஸ்கோவும் எங்கள் எல்லார் கூரையிலும் தூவிவிட்டுப் போனதை யாரும் பேசுவதில்லை. 1963 ஆவணியில் அமெரிக்கா, சோவியத், பிரித்தானியா மூன்றும் வெளியில் வெடிப்பதை நிறுத்தக் கையெழுத்துப் போட்டன. பிரான்சும் சீனாவும் போடவில்லை. சீனா கடைசியாக வெளியில் வெடித்தது 1980இல்.

கூடங்குளம் வேறு வகை. அங்கே விபத்து நடந்தால் வருவது பாலைவனப் புழுதி இல்லை. வாயுவும் மிக நுண்ணிய தூசும் நேரே காற்றில் வரும். செர்னோபில் வெடித்தது 1986 சித்திரை 26. இரண்டு நாள் கழித்து, ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் சுவீடனில் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் வேலைக்குப் போனவர்களின் சப்பாத்தில் கதிர்வீச்சு பிடிபட்டுத்தான் வெளியுலகத்துக்கே தெரியவந்தது. அப்போது எங்கே மழை பெய்ததோ அங்கேதான் அதிகம் இறங்கியது. பிரித்தானியாவில் வேல்ஸ் மலைகளில் செம்மறி விற்கப் போட்ட கட்டுப்பாடு 2012இல்தான் முழுதாக நீங்கியது. ஆகவே கூடங்குளத்தைப் பற்றிக் கேட்கவேண்டியது அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம், மழை எங்கே என்பதுதான். அது தென்மேற்கில் இருக்கிறது. சோளகக் காலத்தில் நடந்தால் எங்கள் பக்கம், வாடையில் நடந்தால் அரபிக்கடல் பக்கம். இலங்கை அணுசக்திச் சபை கரையோரங்களில் முன்னெச்சரிக்கை அளவிகள் வைத்திருக்கிறது. அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேளுங்கள். அது பிரயோசனமான கோபம்.

---

வண்டல்மண் (வவுனியா)

மண் பரிசோதனை வேலையில் இருந்தவன். சேர் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன், குளம் வைத்திருக்கும் சனத்துக்கு இது சுவாரசியம்.

இந்தக் குண்டுச் சீசியத்தை மண்காரர்கள் வேலைக்கு எடுத்துவிட்டார்கள். 1945இல் முதல் குண்டு வெடிக்கமுன் உலகத்தில் எந்த மண்ணிலும் சீசியம்-137 இல்லை. 1950களுக்குப் பிறகு எல்லா இடத்திலும் மேல் மண்ணில் இருக்கிறது. ஆகவே ஒரு காணியில் அது குறைந்திருந்தால் மேல் மண் அரிபட்டுப் போயிருக்கிறது, ஒரு பள்ளத்தில் கூடியிருந்தால் அங்கே வந்து படிந்திருக்கிறது. உலகம் பூராவும் மண்ணரிப்பை இப்படித்தான் அளக்கிறார்கள். குளத்தின் அடி வண்டலில் குழாய் இறக்கி, கலையாமல் ஒரு துண்டு எடுத்து, மேலிருந்து கீழே வெட்டி வெட்டி அளந்தால் ஒரு மட்டத்தில் சீசியம் உச்சத்துக்கு ஏறும். அது 1963. அதற்கு மேலே இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்த வண்டல். வருடத்துக்கு எவ்வளவு தூர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

இரணைமடுக் குளம் கட்டி முடிந்தது 1920களின் தொடக்கத்தில். குண்டுக் காலம் முழுவதும் அது தண்ணீரோடு நின்றது. சுற்றியுள்ள காட்டிலிருந்து வந்த மண் எல்லாம் அதற்குள். கலையாத இடம் அகப்பட்டால் அந்தக் கோடு அங்கேயும் இருக்கவேண்டும். உழுத வயலில் இருக்காது; கலப்பையும் உழவு இயந்திரமும் எல்லாவற்றையும் கலந்துவிடும். கோடையில் குளத்து அடியை வெட்டி லொறியில் ஏற்றுகிறவர்கள் மண்ணோடு இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறார்கள். சில குளங்களில் அனுமதிப் பத்திரம்கூட இல்லாமல். அதை எழுதத் தொடங்கினால் வேறு திரி வேண்டும்.

வயலுக்குக் குளத்து வண்டல் போட்டால் சீசியம் வருமா என்று யாராவது கேட்கமுன் சொல்லிவிடுகிறேன்: போடுங்கள். அதில் இருக்கும் இயற்கையான யுரேனிய, தோரியக் குடும்பக் கதிர்வீச்சு சீசியத்தைவிட எவ்வளவோ கூட, அதோடுதான் பரம்பரை பரம்பரையாக வாழ்கிறோம். இயற்கைக் கதிர்வீச்சு பார்க்க ஆசையென்றால் கொக்கிளாய் களப்பைத் தாண்டிப் புல்மோட்டைக்குப் போங்கள். அந்தக் கறுப்பு மணலை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால் பாரம் கையில் தெரியும். பெரும்பங்கு இல்மனைற்று, உரூட்டைல், சிர்கோன். கொஞ்சம் மொனசைற்றும் உண்டு, தோரியம் இருப்பது அதில்.

அலைகரை அக்கா, உங்களுக்கு நான் பயப்படச் சொல்வது கிறவல் புழுதிக்கே. அதில் குண்டு இல்லை, ஆனால் சிலிக்கா இருக்கிறது. மென்தூள் நெஞ்சுக்குள் போனால் போனதுதான். சகாராப் புழுதி வந்தாலும் ஐரோப்பாவில் வைத்தியர்கள் கவலைப்படுவது மூச்சுக்குத்தான். பிள்ளைகளுக்கு இழுப்பு இருந்தால் டிப்பர் ஓடும் நேரம் வீதிப்பக்க யன்னலைச் சாத்தி வையுங்கள். வீதிக்குத் தண்ணீர் அடிக்கச் சொல்லிப் பிரதேச சபைக்கு எல்லாரும் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் கொடுங்கள்.

---

அலைகரை (மல்லாவி)

சேருக்கும் தம்பிமாருக்கும் நன்றி. மாமிக்கு இருத்தி வைத்து வாசித்துக் காட்டினேன். மாட்டு விசயத்தில் தலையாட்டினார். குண்டு விசயத்தில் "அப்ப அமெரிக்காக்காரன் போட்டதும் எங்கட கூரையில விழுந்திருக்கு" என்று இப்போது புதுக் கோபம். பரவாயில்லை, தாங்கித் தண்ணீரைத் திரும்பக் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

வீதிக்குத் தண்ணீர் அடிக்கும் கதை இங்கே பழைய கதை. பவுசர் ஒன்று வரும், படம் எடுப்பார்கள், போகும். கடிதம் எழுதுகிறோம்.

இன்னொன்று கேட்கவேண்டும். சீசியம் இல்லாவிட்டாலும் கூரைப் புழுதி, காகத்தின் எச்சம், வேப்பஞ்சருகு எல்லாம் தாங்கிக்குள் போவது உண்மைதானே. முதல் மழையை வெளியே விடவேண்டும் என்கிறார்கள். எவ்வளவு விடவேண்டும்? பீலியிலிருந்து இறங்கும் குழாயில் அடி மூடிய ஒரு துண்டுக் குழாய் வைத்தால் காணும் என்று மேசன் சொல்கிறார்.

---

வண்டல்மண் (வவுனியா)

அக்கா, துண்டுக் குழாய் காணாது. ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றர் கூரைக்கு ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் கூரையென்றால் முதல் ஒரு மில்லிமீற்றருக்கே 50 லீற்றர். உங்கள் வீடு கிறவல் கரையில், ஆகவே இரண்டு மில்லிமீற்றர், 100 லீற்றர் என்று வையுங்கள். நாலு அங்குலக் குழாய் மீற்றருக்கு எட்டு லீற்றர் சொச்சம்தான் பிடிக்கும். மேசன் சொல்கிற துண்டுக்குள் இரண்டு வாளித் தண்ணீர்கூட நிற்காது.

பழைய பிளாஸ்ரிக் பரல் ஒன்று எடுங்கள். பீலிக் குழாய் முதலில் அதற்குள் இறங்கவேண்டும், அது நிரம்பிய பிறகு மேல்வாயால் தாங்கிக்குப் போகவேண்டும். பரலின் அடியில் ஒரு சின்னக் குழாய்வாய் வைத்துச் சொட்டு விட்டால் அடுத்த மழைக்கு முன் தானாக வடிந்துவிடும். பிள்ளைகள் திறக்காதபடி மூடியைக் கட்டி, வாய்க்கு நுளம்பு வலை போடுங்கள். வடியும் தண்ணீரை வாழைக்கு விடுங்கள். சோளகம் முடிந்து முதல் மழைக்கு முன்னர் கூரையை ஒருமுறை கூட்டிவிட்டால் இன்னும் நல்லது. ஏணியைப் பிடிக்க ஒராளை வைத்துக்கொண்டு ஏறச் சொல்லுங்கள்.